நூற்று இரண்டு டெசிபலில் ஒரு தூக்கம்

புது அப்பாக்களுக்கு வீட்டில் ஒரு வேலையும் இருக்காது. பால் கொடுப்பது அம்மா, குளிப்பாட்டுவது மாமியார், தூங்குவது குழந்தை. சும்மா இருக்கும் அப்பன் ஏதாவது செய்து தொலைப்பான். நான் செய்தேன்.

அப்போது என் மகள் இனியா பிறந்து இருபத்தைந்து நாள். மனைவி பவித்ரா, மாரண்டஹள்ளி பக்கத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. (போல்ட் ஒன்று முடி அளவு பருத்திருந்தாலும் திருப்பி அனுப்புவேன். தோசையையும் அப்படித்தான் பார்ப்பேன் என்று பவித்ரா சொல்வது பொய்.) மூன்று நாள் லீவு போட்டுக் குழந்தையைப் பார்க்கப் போனேன். போன மறுநாள் ஊரில் மாரியம்மன் பண்டிகை.

காலை எட்டு மணிக்குக் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. எனக்கு மகளின் காது ஞாபகம் வந்தது. போனில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு கிளம்பினேன். மொட்டை மாடியில் 78. வாசலில் 82. தெருமுனையில் 87. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நேராக மைக்செட்காரர் குமரேசனிடம் போய் நின்றேன்.

"அண்ணா, இங்க தொண்ணூத்தி நாலு டெசிபல் காட்டுது. பச்சக் குழந்தைக்கு ஆகாது."

குமரேசன் போனை வாங்கிப் பார்த்தார். கமிட்டிக்காரர்களும் தலையை நீட்டினார்கள்.

"தொண்ணூத்தி நாலுன்னா நல்ல மார்க்குங்களா மாப்ள?" என்றார் ஒருவர்.

"மார்க் இல்லைங்க. சத்தம்."

"பக்கத்து ஊருலயும் இன்னிக்குத்தானுங்க பண்டிகை. அவிங்களுது எத்தனை காட்டும்?"

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அளவு என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கை நிற்காது. கேட்டவரின் பைக்கிலேயே ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் அளந்து வந்து, "தொண்ணூத்தி ஏழு" என்று உண்மையைச் சொன்னேன்.

அடுத்த பத்தாவது நிமிடம் மரத்தில் இன்னும் இரண்டு குழாய்கள் ஏறின. குமரேசன் எதையோ திருகிவிட்டு, "இப்பப் பாருங்க மாப்ள" என்றார். 102. கூட்டம் கைதட்டியது. கமிட்டித் தலைவர் என் தோளில் துண்டு போர்த்தினார். (அந்தத் தலைவர் என் மாமனார்.) "எங்க மாப்ள அளந்து பாத்துச் சொல்லிட்டாரு, நம்மூருதான் ஒசத்தி" என்று மைக்கிலும் அறிவித்தார். சத்தத்தைக் குறைக்கப் போனவன் துண்டோடு திரும்பினேன்.

வீட்டில் இனியா உள்ளறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே 102. இவளிடம் ஓர் அசைவும் இல்லை. தூளிப் பக்கத்தில் கைதட்டினேன். ம்ஹும். தட்டைக் கரண்டியால் தட்டினேன். உதட்டை லேசாகச் சுழித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். பவித்ராவிடம் ஓடினேன்.

"பவி, பாப்பாவுக்குக் காது கேக்கல."

"இப்பத்தாங்க பால் குடிச்சிட்டுத் தூங்குறா."

"நூத்தி ரெண்டுலயா?"

அவள் முகம் மாறிவிட்டது. அடுத்த வீட்டுக் காரில் தருமபுரிக்குக் கிளம்பினோம். வழி நெடுக பவித்ரா குழந்தையின் காதோரம் "தங்கம், தங்கம்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இனி அவளை எப்படிக் கூப்பிடுவோம் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் காதில் மெத்தென்ற ஒரு குமிழைச் செருகி, மெஷினைப் பார்த்தார். மறு காதிலும் பார்த்தார்.

"ரெண்டு காதும் நல்லா இருக்குதுங்க. தூக்கமும் நல்லா இருக்குது."

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். (ஏசி அறை.)

டாக்டரம்மா என் தாளை வாங்கிப் படித்தார். "எல்லாம் சரிங்க. குழந்தை படுத்திருந்த எடத்துல எவ்வளவு காட்டுச்சு?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினான்கு இடங்களில் அளந்திருந்தேன். அந்த அறையில் அளக்கவில்லை.

"காலையிலயே அம்மா ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டாங்க டாக்டர்," என்றாள் பவித்ரா. "உள்ள அவ்வளவா சத்தம் இல்ல."

"அதான் தூங்கியிருக்கா. போன் காட்டுறத அப்படியே நம்பாதீங்க. சத்தத்துல இருந்து பாப்பாவத் தள்ளி வெச்சுக்குங்க, போதும்."

விஷயத்தை ஊருக்குச் சொல்லலாம் என்றால், அளந்து அளந்து என் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. பவித்ராவின் போன் வீட்டில். ஊருக்குள் கார் நுழைந்தபோது ஒரு சத்தமும் இல்லை. முதலில் என் காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன்.

கோயில் முன்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது. பாட்டு இல்லை, மேளம் இல்லை. நாங்கள் கிளம்பிய உடனே மாமனார் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். குமரேசன் கழற்றிய ஒயரைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"என்னாலதானுங்களா மாப்ள?"

இவ்வளவு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று மென்று விழுங்கினேன். "இல்லைங்கண்ணா. பாப்பாவுக்கு நல்லாக் கேக்குது. அவ தூங்கிக்கிட்டு இருந்திருக்கா."

 பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிதானமாகக் கேட்டார்: "தூங்குற கொழந்தையத் தூக்கிக்கிட்டா தருமபுரிக்குப் போனீங்க?"

முதலில் சிரித்தது மாமனார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு ஊர் சிரித்தது, பவித்ரா சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. அவ்வளவு பயத்துக்கு அப்புறம் வெட்கம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

"அப்பப் பாட்டுப் போடலாங்களா?" என்றார் குமரேசன்.

"போடுங்கண்ணா. மெதுவா."

அடுத்த வருடம் முதல் கோயிலில் ஒரே ஒரு குழாய்தான், அதுவும் காட்டுப் பக்கம் பார்த்து. பண்டிகை நோட்டீஸில் அன்னதானம், வாணவேடிக்கைக்குக் கீழே 'ஒலி ஆய்வு: ஓசூர் மாப்பிள்ளை' என்று தவறாமல் அச்சடிக்கிறார்கள். இந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் போன இனியா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, ஒலி ஆய்வுன்னா என்ன?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு வந்த பயத்துக்கு நாங்க வெச்ச பேரு கண்ணு," என்றார் மாமனார்.