கிருமி மிராசும் சந்தனம் பூசிய மெஷினும்

தஞ்சாவூர் ஜில்லாவில் நில உச்சவரம்புச் சட்டத்துக்குக் கட்டுப்படாத மிராசுதார் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மருந்தாலையின் கிருமி மிராசுதான். கருப்புச் சட்டைக்காரர், பழுத்த நாத்திகர். அவருடைய சொத்து, சோதனைக்கூடத்தில் ஒரு மேஜையும் கோடிக்கணக்கான கிருமிகளும்.

வேலை இதுதான். வைட்டமின் இல்லாமல் வளராத கிருமியை மாத்திரைக் கரைசலில் விடுவோம். வைட்டமின் அதிகமிருந்தால் கிருமி பெருகிக் குழாய் கலங்கும். கலங்கலை அளந்தால் மாத்திரையில் வைட்டமின் எவ்வளவு என்ற கணக்கு வந்துவிடும். அவருக்கோ கிருமி விடுவது நடவு, அளப்பது அறுவடை. வளராத குழாயைத் தூக்கிப் பிடித்து, கூலி பத்தலையா என்று விசாரிப்பார். அதைக் கேட்கவே பேக்கிங் பெண்கள் வந்து நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும். நானும் ஒருநாள் குழாயோடு பேசிப் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

அப்போதுதான் குழாயில் உள்ளதைத் தானே உறிஞ்சி, ஒளி பாய்ச்சி அளக்கும் மெஷின் வந்தது. பம்பாயில் பயிற்சி பெற்றவன் என்பதால் பொறுப்பு எனக்கு. இனி மிராசு காலி என்று மகிழ்ந்தேன். மெஷின் என்னிடம் இருந்தது; கூட்டம் அவரிடமே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மானேஜர் தம் கையாலேயே மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். நாங்கள் பொரி தின்றுகொண்டே பார்த்தோம். மிராசு மட்டும் வெளியே டீக்கடையில் இருந்தார்.

மறுநாள் மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது. வெறும் தண்ணீரை வைத்தால்கூட வைட்டமின் வழிகிறது என்றது. சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் ஒளி போகும் கண்ணாடியைத் துடைத்து விரலை மோந்து பார்த்தார். சந்தனம்.

யார் வைத்தது என்று மானேஜரே கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் உங்க பொறுப்பு. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நான்தான் சார் வெச்சேன்," என்றது கருப்புச் சட்டை. "திடீர்னு பக்தி வந்துடுச்சு."

மெக்கானிக்கே சிரித்துவிட்டார். மானேஜருக்கு அப்போதுதான் தம் விரல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லி உள்ளே போய்விட்டார். என்னைக் காப்பாற்றிய பெருமையும் மிராசுக்கே போனது என்று அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமை.

சாயங்காலம், ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கப்பா குத்தகைக்காரர அறுப்புக்கு முந்தி வெளியேத்துனாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். இன்னொரு தடவ அப்படி நிக்க முடியாது தம்பி."

மானேஜர் அதை மறக்கவில்லை. தை பிறந்ததும் மிராசை வடக்கே ஒரு கிளைக்கு மாற்றிவிட்டார். வழியனுப்ப ஆலையே ரயிலடிக்கு வந்து நின்றது. அவர் பெட்டியைத் தூக்க ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். நான் ஒருவரையும் தொட விடவில்லை.