டாக்டரம்மா சூப்பில் நான் கரைத்த மைதா

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல இருபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. (அதற்குப் பிறகும் பெரிதாகத் தெரிந்துவிடவில்லை என்பார் எங்கள் வீட்டுக்காரர்.)

அறுபதுகளின் தொடக்கம். அவர் கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கிருந்த டாக்டரம்மா கொச்சிக்காரர், யூதர். அப்படி ஒரு மதம் இருப்பதே மலையில் யாருக்கும் தெரியாது; எனக்கும்தான். அந்த வருஷம் பஸ்கா பண்டிகைக்கு (அவர்கள் முன்னோர் எகிப்திலிருந்து கடலைக் கடந்து தப்பி வந்த நாளாம்) அவருடைய அப்பா வந்தார். எழுபது வயசு மனுஷர், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே மலையேறிவிட்டார். தோளில் ஒரு துணி மூட்டை. அதில் பண்டிகைக்கென்று சுட்ட ரொட்டி.

முந்தின நாள் டாக்டரம்மா வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். மைதா, ரவை, பிஸ்கட் தூள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். வண்டு பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்னாவது?

பண்டிகையன்று பெரியவர் தன் கையாலேயே சேவல்களை அறுத்து, கறியை உப்புப் போட்டு அலசிக் கொடுத்தார். புதுச்சட்டியில் சூப்புக்கென்று கறி, கேரட், உருளை, பூசணி எல்லாம் ஏறின. கொதி வரும் நேரத்தில், பக்கத்து ஊரில் பிரசவம் என்று ஆள் ஓடி வந்தது. பெரியவர் குளிக்கப் போயிருந்தார்.

"செல்லம்மா, அடுப்பை மட்டும் பார்த்துக்கோ," என்று ஒத்தாசைக்கு நின்ற என்னிடம் சொல்லியபடி டாக்டரம்மா பையை எடுத்தார்.

"சூப்பெல்லாம் எனக்கு அத்துப்படிங்க டாக்டரம்மா!" (சூப்பை நான் பார்த்தது ஒரே தடவை. சேலத்தில், யாரோ குடிக்கும்போது.)

திறந்து பார்த்தால் ஒரே தண்ணீர். சேலத்தில் பார்த்தது கூழ் மாதிரி இருந்ததே! வீட்டுக்கு ஓடினேன். அந்த மைதாவைச் சலித்துப் பார்த்தால் ஒரு வண்டுகூட இல்லை. இரண்டு கை அள்ளிக் கரைத்து ஊற்றினேன். மணமாக இருக்கட்டும் என்று ஒரு கரண்டி வெண்ணெயும் போட்டேன்.

பொழுது சாயும் நேரம் டாக்டரம்மா திரும்பினார். பெரியவர் ஜெபம் சொல்லி முடித்துச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினார். ஊற்றியவர் நின்றார்.

"இதெந்தா, இத்தனை கெட்டி?"

"மைதா கரைச்சு ஊத்துனனுங்க. ரெண்டு கை!"

டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மெச்ச வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"மேல மினுமினுக்குதே, அது எருமை வெண்ணெய்ங்க."

உள்ளே பாம்பு இருப்பதுபோலப் பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"செல்லம்மா, இந்த எட்டு நாளும் புளிக்கிற மாவு எங்க வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. கறியோட வெண்ணெய் என்னைக்குமே சேரக் கூடாது."

செய்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை. "நீங்க கொண்டாந்த ரொட்டியும் கோதுமைதானுங்களே?"

"அது தண்ணி பட்டதும், புளிக்கறதுக்கு முன்னே சுட்டது," என்றார் பெரியவர். எழுபது வயதில் மலையேறி வந்தவருடைய பண்டிகைச் சாப்பாடு என் கையால் போயிற்று.

விஷயம் கேட்டு ஓடி வந்த எங்கள் வீட்டுக்காரர் வெளுத்துப்போனார். வேலை போய்விடும் என்ற பயம். "ஏம்புள்ள, டாக்டரம்மாவை மதம் மாத்தப் பாத்தியா?" என்றவர், சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

பெரியவர் இன்னொரு புதுச்சட்டியை எடுத்தார். "வா மோளே, காய் நறுக்கு. ரெண்டு கையும் எனக்குத் தெரியற மாதிரி வெச்சுக்கோ."

கறி இல்லாத அந்தச் சூப்பில் சட்டியின் அடி தெரிந்தது. "தண்ணியாட்டம் இருக்குதுங்களே," என்று மறுபடி அழுதேன்.

"எங்காளுக கடலையே பிளந்து வந்தவங்க. இந்தத் தண்ணி எங்களை என்ன செய்யும்?" என்றார். டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார்.

"ஒரே கரண்டியில ஒரு மதத்தோட ரெண்டு சட்டத்தை முறிச்சவ என் சம்சாரம்" என்று எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். பேரனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காபி கொண்டுவந்த பெண் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் குனிந்து, "அந்தச் சூப்பு ருசியா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

தெரியாததைக் கேட்கத் தெரிந்த பெண்; பேரனுக்கு அவளையே பேசி முடித்துவிட்டேன்.