நாலு முட்டை வைத்த சஹன்

மெட்ராஸ் பிடிக்கவில்லை என்று சின்ன ஊருக்கு ஓடி வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான். நானும் அப்படி ஓடி வந்தவன் என்பதால், இளக்காரம் செய்ய எனக்கு முழு உரிமை இருக்கிறது. எல்லாரும் ஒரே கதைதான் சொல்வார்கள். அங்கே மூச்சு விட முடியவில்லை, இங்கே கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, நிம்மதி இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், கொசு கடிக்கிறது, கரண்ட் போகிறது, பக்கத்து வீட்டுக்காரர் நம் சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. வந்த புதிதிலேயே அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். திருத்தணிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே மெட்ராஸுக்கு வந்து, வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்தேன். தலை நரைக்கிற வரைக்கும் நான் தைத்தது சட்டையின் இடது கை. அது மட்டும்தான். வலது கையை எனக்குப் பின்னால் இருந்தவர் தைத்தார். இத்தனை வருஷம் ஒரே ஹாலில் இருந்தும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. (கேட்கக் கூச்சம்.) சூப்பர்வைசருக்கு என் பெயர் தெரியாது. "ஏய் லெஃப்ட்டு" என்பார், நான் திரும்பிப் பார்ப்பேன். ஒரு முழுச் சட்டையை நான் பார்த்தது பஸ்ஸில் அடுத்தவன் போட்டிருந்தபோதுதான்.

கடைசியில் ஒருநாள் என் மனைவி செல்வி சொல்லிவிட்டாள். "போதுங்க. எங்க ஊருப் பக்கம் போயிருவோம். சொந்தமா ஒரு கடை போடுவோம். ரெண்டு கையும் தைங்க."

அவள் ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம். நான் உடனே கனவு காண ஆரம்பித்தேன். சின்ன ஊர், சின்னக் கடை. ஆள் வருவார், பேசாமல் அளவு கொடுப்பார், பேசாமல் போவார். கூச்ச சுபாவம் உள்ளவனுக்குச் சின்ன ஊர்தான் தோது என்று நினைத்தேன் பாருங்கள், அந்த அறிவுக்கே என்னைக் கட்டி வைத்து அடித்திருக்க வேண்டும். மெட்ராஸில் நடுரோட்டில் விழுந்து கிடந்தாலும் தாண்டிப் போவார்கள். கூச்சக்காரனுக்கு அது சொர்க்கம். அந்தச் சொர்க்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மச்சினன் முருகேசன் என்னைப் பெரியபட்டினத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே கடைத்தெருவில் ஹமீது பாய் வீட்டை ஒட்டி ஒரு அறை பூட்டிக் கிடந்தது. பாய் சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மெட்ராஸ்காரவுகளா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மச்சான் பேச மாட்டாக பாய். தையல்தான் பேசும்" என்றான் முருகேசன்.

"பேசாதவுகள நம்பலாம். ஓடுறவுகளத்தான் நம்ப முடியல. போன தடவ ஒருத்தரு மெட்ராஸ்லேருந்து வந்து இதே ரூமுல கேக்குக் கடை போட்டாரு. உப்புக் காத்து ஒத்துக்கலன்னு ஓடிட்டாரு. அவரு அடுப்பு இன்னும் உள்ளதான் கெடக்கு. இப்ப செல்போன் கடைக்காரரு ஒருத்தரு கேக்குறாரு." பாய் தாடியைத் தடவினார். "ஞாயித்துக்கெழம மகளுக்கு நிக்காஹ். குடும்பத்தோட வாங்க. சாப்பிட்டு முடிச்சதும் யாருக்குச் சாவின்னு சொல்றேன்."

அந்தச் சாவி கிடைக்காவிட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. மெட்ராஸ் வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. என் மிஷின் முருகேசனின் ஆட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவன் பெண்டாட்டி தினமும் காலையில், "மிஷின எப்பண்ணே எடுப்பீக? ஆடெல்லாம் மெரளுது" என்பாள். அவள் ஆட்டைச் சொல்லவில்லை என்பது எனக்கே புரிந்தது. சாவி இல்லையென்றால் மறுபடியும் இடது கைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி எனக்கு உத்தரவு போட்டாள்.

"காலையில ஒண்ணும் திங்காதீக. அங்கன போய் கொறிச்சுக்கிட்டு ஒக்காந்திராதீக. போட்டதுல ஒரு பருக்க மிச்சம் வைக்கக் கூடாது. வச்சா, மெட்ராஸ்காரனுக்குத் திமிருன்னு நெனப்பாக."

நான் வெறும் வயிற்றோடு போனேன்.

பந்தல் வாசலிலேயே முருகேசனை வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்க்கச் சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்வி பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் தனியாக நின்றேன். ஹமீது பாயே வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

"டெய்லரே, இங்கன உக்காருங்க. நான் சம்பந்தக்காரவுகளக் கூட்டிக்கிட்டு வாரேன்."

விரிப்பில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். நான் கோடியில் போய், யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க வசதியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையைத் திருப்பி மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பையன் வந்து என் முன்னால் பெரிய வட்டத் தாம்பாளம் ஒன்றை இறக்கினான். நெய்ச்சோறு குன்றாகக் குவிந்திருந்தது. அதன் மேல் நாலு பெரிய கறித்துண்டு. நாலு முட்டை. ஓரத்தில் நாலு கிண்ணத்தில் தாளிச்சாக் குழம்பு.

"ஆளு வருதா மாமா?" என்றான் அவன்.

நான் தலையாட்டினேன். (யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது என் வழக்கம். கேள்வி எனக்கு அவசியமில்லை.) அவன் திருப்தியாகப் போய்விட்டான்.

ஒரு தாம்பாளம் இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. நாலு, நாலு, நாலு என்று கத்துகிறது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். என் அறிவு என்ன சொன்னது தெரியுமா? "சவுதிப் பணம். ஆளுக்கு இவ்வளவு போடுகிறார்கள்" என்றது. பிஸ்மில்லா சொல்ல எனக்குத் தெரியாது, பிள்ளையாரே என்று சொல்லிக் கையை வைத்தேன்.

முதல் பங்கு ருசியாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். இரண்டாவதில் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன். மூன்றாவதில் பெல்ட்டையே உருவி மடித்துப் பக்கத்தில் வைத்தேன். மிச்சம் வைக்கக் கூடாதே! ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த அறையில் ஒரு செங்கல் எனக்குச் சொந்தமாகிறது என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன். வேர்த்துக் கொட்டியது. பல்லிகூட என்னைப் பார்க்கச் சகிக்காமல் போய்விட்டது. நாலாவது முட்டையில் பாதியைக் கடித்தபோது, பக்கத்தில் கால்கள் வந்து நின்றன. நான் குனிந்தே இருப்பவன் ஆகையால் கால்கள்தான் தெரிந்தன. நிமிர்ந்தால், ஹமீது பாய், அவர் கூட்டி வந்த சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் வாப்பா, அவர்களோடு ஒரு கண்ணாடி போட்ட பெரியவர்.

"நம்ம சஹனு எங்க?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

ஹமீது பாய் கீழே பார்த்தார். "இந்தா இருக்கு."

"இதுல ஒண்ணும் இல்லையே."

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "அர முட்ட இருக்கு. அதுவும் டெய்லரு கையில இருக்கு."

அப்போதுதான் தலையைத் திருப்பினேன். ஹால் முழுக்க ஒவ்வொரு தாம்பாளத்தைச் சுற்றியும் நாலு நாலு பேர் உட்கார்ந்து, ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சஹன் சாப்பாடு என்றால் அதுதான். நாலு பேருக்கு ஒரு தாம்பாளம். பெண்ணின் வாப்பா, மாப்பிள்ளையின் வாப்பாவோடும் அவர் வீட்டுப் பெரியவரோடும் உட்காரும் சஹனில், நாலாவது ஆளாக என்னைச் சேர்த்து மரியாதை செய்திருக்கிறார். நான் அந்த மரியாதையை முழுசாகத் தின்றுவிட்டேன்.

மனுஷன் என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பான். நானோ, அந்த அரை முட்டையை மாப்பிள்ளையின் வாப்பாவிடம் நீட்டினேன்.

அவர் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீசை துடித்தது. அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்களே சாப்புடுங்க" என்றார் அவர். "ஏலே, இன்னொரு சஹன் கொண்டாங்கடா."

மூவரும் உட்கார்ந்தார்கள். புதுத் தாம்பாளம் வந்தது. நான் நகரப் பார்த்தேன். பெரியவர் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

"எங்க போறீக? ஒரே சஹன்ல உக்காந்துட்டு ஒருத்தரு கை வைக்காம இருந்தா, மத்தவுக எப்படி வைக்கிறது? வைங்க. கூச்சப்படாதீக."

கூச்சமாம்! தொண்டை வரை சோறு நிற்கிற ஒருவனிடம் கூச்சப்படாதே என்கிறார். ஆனால் அவர்கள் வழக்கம் அது. ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் மரியாதைக்காகக் கையை எடுத்துவிடுவார்கள். நான் நிறுத்தினால், மகன் கல்யாணத்தன்று அந்த மனிதர் பட்டினியோடு எழுந்திருக்க வேண்டும். நான் வேகம் குறைத்தபோதெல்லாம் அவர் கை தயங்கியது. உடனே நான் ஒரு வாய் போட்டுக்கொள்வேன். அவர் நல்ல சாப்பாட்டுக்காரர். நிதானமாகச் சாப்பிட்டார்.

ஒருவழியாக முடிந்தது. மூவரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"எந்திரிங்க டெய்லரே" என்றார் ஹமீது பாய்.

நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். வாழ்க்கையில் நான் முடியாது என்று தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

"ஏலே, நாலு பேரு வாங்கடா!"

வந்த நாலு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். தினமும் வள்ளத்தைக் கரையேற்றிப் பழகிய கைகள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். "பாத்துடா, சரக்கோட இருக்கு!" என்றான் ஒருவன். "தூக்கு... இன்னும் கொஞ்சம்... ஆங், வருது!" வாசலில் என்னை வெளியே கொண்டுபோகும்போது மாப்பிள்ளை மாலையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். எனக்காக அவர் ஒதுங்கி நின்றார். கூட வந்த வீடியோக்காரர் லைட்டை மாப்பிள்ளை மேலிருந்து திருப்பி என் முகத்தில் அடித்தார்.

பந்தலுக்கு வெளியே ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். செல்வி ஓடி வந்தாள். பெண்கள் பக்கத்துக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே போயிருந்தது.

"நாலு பேரு சாப்பாடா? அதுக்கு மேல இன்னொண்ணா?"

"நீதான மிச்சம் வைக்கக் கூடாதுன்ன" என்று முனகினேன்.

"போட்டத மிச்சம் வைக்கக் கூடாதுன்னேன். மத்தவுகளுக்கே வைக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

அறையைக் கேட்டிருந்த செல்போன் கடைக்காரரும் விருந்துக்கு வந்து, கொஞ்ச தூரத்தில் நின்றார். கால் பங்கு சாப்பிட்டுவிட்டு, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல், எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சாவி போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. இடது கை, இடது கை என்று மனசுக்குள் மிஷின் ஓட ஆரம்பித்தது.

ஹமீது பாயும் மாப்பிள்ளையின் வாப்பாவும் கட்டிலருகே வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஹமீதுக் காக்கா, மெட்ராஸ்காரரு ஓடிருவாருன்னா பயந்தீக? இது ஓடுற ஒடம்பா? எந்திரிக்கவே நாலு பேரு வேணும்."

ஹமீது பாய் இடுப்புப் பெல்ட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார்.

"எந்திரிக்க முடிஞ்சதும் போய்த் தெறந்து பாருங்க. அவசரமில்ல."

அந்த வீடியோ துபாய், சவுதி, குவைத் எல்லா இடத்துக்கும் போனது. கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் போட்டுப் பார்த்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஓட்டிவிட்டு என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாகக் கேள்வி. லீவில் ஊர் வருகிறவர்கள் பேன்ட் அளவு கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து என் வயிற்றை அளவெடுத்துக்கொண்டு போகிறார்கள். மெட்ராஸில் எனக்குப் பெயரே இல்லை. இங்கே "நாலாளு டெய்லர்" என்று சொன்னால் பஸ் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். வீட்டில் செல்வி இன்றைக்கும் சோற்றுச் சட்டியை என் பக்கத்தில் வைக்க மாட்டாள். "மத்தவுக சாப்பிட்டாச்சான்னு மொதல்ல பாருங்க" என்பாள். வீட்டில் மற்றவர் என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

ஓடி வந்தவர்கள் எல்லாம் இந்த ஊருக்கு நான் அதைச் செய்தேன், இதைச் செய்தேன் என்று பீற்றிக்கொள்கிறார்கள். நானும் ஒன்று செய்திருக்கிறேன். இப்போது இங்கே எந்தக் கல்யாணத்திலும் சஹனைத் தூக்கி வருகிற பையன் அதைக் கீழே இறக்குவதில்லை. தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஹாலே கேட்கக் கத்துகிறான்:

"நாலு பேரும் உக்காந்தாச்சா? டெய்லரு எந்தப் பக்கம்?"

நான் கையைத் தூக்கிக் காட்டுகிறேன். அதற்கப்புறம்தான் இறக்குகிறான்.