பூங்காவனம் கிடா காத்த படலம்

வாழி! உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காடு முடிந்து மின்கம்பங்கள் தொடங்கும் வடமேட்டுப் பேரூரின் வடக்குத் தெருவிலே, தகரக் கொட்டகையே கோட்டையாக, அகத்திக்கீரைக் கட்டே செங்கோலாக, ஐம்பத்தாறு அகவையிலும் குனிந்து புழுக்கை அள்ளி நிமிர்ந்து நியாயம் கேட்கும் நெஞ்சுரத்தாள், பூங்காவனம் என்னும் பெரும்பெயராட்டி வாழி! அவள் வளர்த்த கிடாவாகிய தங்கராசுவும் வாழி! பின்னதைக் கொஞ்சம் அவசரப்பட்டு வாழ்த்திவிட்டோம்; போகட்டும்.

பிறந்த அன்றே தாயை இழந்தவன் தங்கராசு. புட்டிப்பால் குடித்து, பூங்காவனத்தின் கட்டிலுக்குக் கீழே உறங்கி, மூன்றே ஆண்டில் கொம்பு முறுக்கிய கோமகனாய் நிமிர்ந்தான். வெள்ளிதோறும் அவனுக்குத் திருமஞ்சனம் உண்டு. முதுகில் முதற்செம்பு நீர் விழுந்ததும் "ஒதறுடா தங்கராசு" என்பாள். அவன் மூக்கு முதல் வால் வரை சிலிர்த்து உதற, அவள் சேலை தெப்பமாகும். சிரித்துக்கொண்டே ஒரு பிடி பொட்டுக்கடலை கொடுப்பாள். கணவன் காலமாகி, ஒரே மகள் நந்தினி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட அந்த வீட்டில், அவள் பேசினால் திரும்பிப் பார்க்க அவனை விட்டால் நாதியில்லை. கறிக்கடைக்காரர்கள் மூன்று முறை வந்தார்கள்; மூன்று முறையும் வெறுங்கயிற்றோடு போனார்கள்.

இங்ஙனம் நல்லாட்சி நடந்துவருகையில், ரேஷன் கடைச் சுவரில் ஒரு காலைப் பொழுதில் மாற்றான் ஓலை ஒட்டப்பட்டது. வடக்குத் தெரு இனி முதன்மைக் குடியிருப்பு மண்டலம்; கொல்லைகளில் ஆடு, மாடு, கோழி வளர்த்தல் கூடாது; ஆட்சேபனை உடையோர் சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சமுதாயக்கூடத்தில் தெரிவிக்கலாம். கீழே ஒப்பமிட்டிருந்தவர் செயல் அலுவலர் சுரேஷ்குமார்: பச்சை மையே படைக்கலமாய்க் கொண்டவர், வரைபடக் கேடயத்தார், சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றியே எதிரியின் தலையைச் சுற்றவைக்கும் சூரர்.

தெரு கொதித்தது. இருபத்து மூன்று கிடாக்களும் எண்ணிறந்த கோழிகளும் இரண்டு எருமைகளும் ஒன்றும் அறியாமல் அசைபோட்டுக்கொண்டிருக்க, அவற்றுக்கு உரியோர் திரண்டெழுந்தனர். இரு முறை வார்டு தேர்தலில் தோற்றும் மீசை இறங்காத அண்ணாதுரை தானே தளபதி என்று அறிவித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

சனிக்கிழமை. பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட, மின்விசிறி காற்றைத் தவிர மற்றதையெல்லாம் வழங்க, மூண்டது பெரும்போர். பாட்டன் பூட்டன் காலந்தொட்டு வளர்க்கிறோம் என்று அண்ணாதுரை ஓர் அம்பு தொடுத்தார். வரைபடக் கேடயத்தில் பட்டு அது முனை மழுங்கியது. பிள்ளைகள் பாலுக்கு எங்கே போகும் என்று மறு அம்பு விட்டார். சாக்கடை அடைப்பு என்னும் எதிர்க்கணை அதை நடுவானில் முறித்தது. தளபதி தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிட்டார். பதினைந்தே நாளில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று கூறிச் செயல் அலுவலர் பேனா மூடியைத் திருகினார்.

கட்டிலின் கீழே வெறுந்தரை பூங்காவனத்தின் கண்ணில் தெரிந்தது. எழுந்தாள்.

"சார், எங்க தெரு கெடா பூரா எல்லை முனியப்பருக்கு நேந்து வுட்டதுங்க. சாமி சொத்த விக்கவும் முடியாது, வெரட்டவும் முடியாது. போடுறதுன்னா, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு நீங்களே கையெழுத்துப் போடுங்க."

பேனா அந்தரத்தில் நின்றது. சுரேஷ்குமாரும் இந்தச் சீமையில் பிறந்தவர்தான். பைக் வாங்கிய வாரமே முனியப்பருக்குச் சேவல் அறுத்தவர். எப்போது பூசை என்று மட்டும் மெல்லக் கேட்டார். வெற்றியின் வேகத்தில் பூங்காவனம், "ஆடிக் கடைசி ஞாயிறுங்க" என்றாள். கிடாவை விட்டுவிட்டு எருமையை மட்டும் விரட்ட வழியில்லாமல், வடக்குத் தெரு பழையபடியே நீடிக்கும் என்று பச்சை மை பணிந்து எழுதியது. ஆரவாரம் கூரையைத் தொட்டது. மூன்றாம் வரிசையில் இருந்த பூசாரி கண்ணையன் மட்டும் கை தட்டவில்லை.

அன்று மாலையே மஞ்சள் துணியோடு அவர் கொட்டகை வாசலில் நின்றார். அது சும்மா சொன்னது, பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று பூங்காவனம் மறைக்காமல் சொல்லி அழுதாள். கண்ணையனுக்கும் வருத்தந்தான்.

"பொய்யின்னா, சாமி பேர்ல சொன்ன பொய்யால்ல ஆயிடும்க்கா" என்றார். துணியைத் தங்கராசுவின் கழுத்தில் கட்டிவிட்டுப் போனார்.

எனினும் வீரர்க்கு இறுதிவரை ஒரு வழி உண்டு. கிடாவின் மேல் மஞ்சள் நீர் ஊற்றினால் அது உடம்பை உதறித் துலுக்க வேண்டும். அதுவே சாமியின் சம்மதம். மூன்று செம்புக்கும் அசையாமல் நின்றால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். ஆகவே, பழக்கத்தை மறக்கடிக்கும் பொருட்டு, மூன்று வெள்ளிக்கிழமை அவனைக் குளிப்பாட்டாதிருந்தாள் அந்தத் தவமாட்டி. வெள்ளி காலையில் அவன் கிணற்றடியில் போய் நின்று கத்தும்போது, காதைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

ஆடிக் கடைசி ஞாயிறும் வந்தது. அண்ணாதுரையின் சொறிக்கிடா மூன்று செம்புக்கும் பாறையாய் நின்று விடுதலை பெற்றது. அடுத்து நின்றவன் தங்கராசு. அவன் பார்வையில் படாதிருக்கப் பறையடிப்போரின் முதுகுக்குப் பின்னே பதுங்கி, பல்லைக் கடித்து நின்றாள் பூங்காவனம். முதற்செம்பு நீர் முதுகில் விழுந்தது. அவன் கூட்டத்தில் தேடினான்; கண்டுகொண்டான். அவள் வாய் திறக்கவில்லை. சொல்லாமலே, மூக்கு முதல் வால் வரை, முன்னெப்போதும் இல்லாத அழகோடு உதறிவிட்டு, பொட்டுக்கடலைக்காக அவள் பக்கம் கழுத்தை நீட்டினான்.

பறை முழங்க, குலவை விண்ணைப் பிளக்க, போரிட்டுக் காத்த மண்ணிலே இருபத்திரண்டு அடுப்புகள் வேள்வித்தீ போல் ஓங்கியெரிய, தோற்ற பகைவர்க்கும் குறைவைக்காத குலத்தாராகையால் செயல் அலுவலர் இல்லத்துக்கும் ஒரு தூக்குவாளி சென்று சேர, மண்டலம் வென்ற மாதரசி என்று தெருவே அவள் பெயர் சொல்லி இலை விரித்தது.

பூங்காவனம் அன்று மதியம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.