பெட்டியும் குளவியும் ஒரு கூட்டமும்

பத்துப் பேர் கூடி யோசித்தால் பத்து மடங்கு அறிவு பிறக்கும் என்று சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். கண்டியில் ஒரு கம்பனியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தேனீக்கள் கூடி முடிவெடுப்பதைப் படம் போட்டுக் காட்டுவேன். (தேனீ என்னைக் கொட்டியதில்லை. அந்தத் தைரியம்தான்.)

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பெரியப்பா இறந்தபோது இந்த அறிவோடுதான் போய் இறங்கினேன். கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு மரத்தில் பானை அளவு குளவிக்கூடு. சுற்றுப் பாதை மண்சரிவில் போய்விட்டது. பெட்டியை எப்படிக் கொண்டுபோவது என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ஆண்கள் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் கதிரை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். யாருடைய யோசனையையும் தட்டக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதல் விதி. சத்தமில்லாமல் போகலாம் என்றார் ஒருவர். புகை போடலாம் என்றார் இன்னொருவர். வேகமாகக் கடந்துவிடலாம் என்றார் பெரியப்பாவின் மகன் அந்தோணி அண்ணன். நான் ஒன்றையும் தட்டவில்லை. மூன்றையும் சேர்த்துவிட்டேன்.

ஆக, பெரியப்பாவின் இறுதி ஊர்வலம் செபமும் பாட்டும் இல்லாமல், ஈரச் சாக்குப் பந்தம் புகைய, ஓட்டமும் நடையுமாகப் போனது. புகை நேரே கூட்டுக்குள் ஏறியது.

குளவிகள் கூட்டம் போடவில்லை. கருப்பாக ஒரே வீச்சில் இறங்கின. தூக்கியவர்கள் பெட்டியைப் பாதையில் போட்டார்கள். அதன் பிறகு நாங்களும் ஒரே மனதாகத்தான் இருந்தோம். யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் பிள்ளைக் காம்பராவுக்குள் ஓடிப் புகுந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த அறையின் கதவை நான்தான் சாத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேரி பெரியம்மா ஓடவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுப் பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். அவர் முதுகு முழுக்கக் குளவி.

அந்தோணி அண்ணன் கதவைத் திறக்கச் சொன்னார். நான், “கொஞ்சம் பொறுங்கண்ணே, எல்லாரும் யோசிச்சு…” என்று வாயைத் திறந்தேன். உள்ளே வந்திருந்த ஒரே குளவி என் மேலுதட்டில் கொட்டியது. அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடினார்.

பெரியம்மா பிழைத்தார். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோதே பெரியப்பாவைப் புதைத்துவிட்டோம். கடைசிப் பிடி மண் அவர் கையால் விழவில்லை.

பெரியம்மா கண் விழித்ததும் பார்க்கப் போனேன். வீங்கிய உதட்டோடு, ஏன் பெரியம்மா நீங்கள் ஓடவில்லை என்று கேட்டேன். எனக்கே அது குழறலாகத்தான் கேட்டது.

“ஒங்க பெரியப்பாவால எந்திரிச்சு ஓட முடியாதே தம்பி. தனியா விட்டுட்டு எப்பிடி வாறது?”

இதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை.

இப்போதும் கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிப் பேச உட்கார்ந்தால், பெரியம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்:

“பேசுங்க, நல்லாப் பேசுங்க. கதவு மட்டும் யாரு கையில இருக்குனு மொதல்ல பாத்துக்கிங்க.”

வீடே சிரிக்கும். அந்தோணி அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார்.