செலண்டாரில் விண்வெளி ரசம்

விண்வெளித் தொழில்நுட்பத்தைச் சிறுவணிகர்களின் நல்வாழ்வுக்குக் கைமாற்றும் பிரிவு, ஆயர் குரோ நகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இயங்கிவந்தது. விண்வெளி இயற்பியல் படித்துவிட்டு அதற்கு அதிகாரியாக வந்த கிருபாலன், ஆறு ஆண்டுகளில் கைமாற்றியது ஒரு நாற்காலி. அதுவும் இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு. இந்த ஆண்டு எதையாவது கைமாற்றாவிட்டால் பிரிவையே மூடிவிடுவதாக மேலிடம் எழுதிவிட்டது.

அப்போதுதான் செலண்டாரில் சாலையோர ஒட்டுக்கடை வைத்திருக்கும் ஜெயமணி அவர் கண்ணில் பட்டார். எதிரே ஏர்கோன் போட்ட உணவகம் வந்ததிலிருந்து அந்த அம்மாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். விண்வெளி வீரர்களின் சாப்பாட்டை உறையவைத்துப் பொடியாக்கும் இயந்திரம் ஒன்று, அலமாரி உயரத்தில், லாரியில் அவர் கடை வாசலில் வந்து இறங்கியது.

"காலைல ரசத்த உள்ள வெச்சா, மறுநாள் சாயந்தரம் பொடியாயிடும்க்கா," என்றார் கிருபாலன்.

"பொடிய என்ன செய்யறது, சார்?"

"சுடுதண்ணி ஊத்தணும். ரசமாயிடும்."

ஜெயமணி கொஞ்சம் யோசித்தார். "காலைலயே அது ரசமாத்தானே இருந்துச்சு?"

"அது வெறும் ரசம்க்கா. இது தொழில்நுட்பம் கைமாறிய ரசம்."

'விண்வெளி ரசம்' என்று பலகை மாட்டியதும் ஊர் திரண்டது. தொலைவிலுள்ள மஸ்ஜித் தானாவிலிருந்தெல்லாம் காரில் வந்தார்கள். பத்து வருடமாக இதே கடையில் ரசத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போன லாரி டிரைவர் விமலன், இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

"ரோக்கெட்ல போறவன் சும்மாவா குடிக்கிறான்? வயித்தெரிச்சல் போயே போச்சுலா!"

மேலிடம் அனுப்பும் மதிப்பீட்டுக் குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு இயந்திரம் நின்றது. பழுதுபார்க்க விண்ணப்பிக்க வேண்டுமானால், இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று அதே குழு முதலில் சான்றளிக்க வேண்டுமாம்.

குழு வந்த அன்று கிருபாலன் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பில் ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது..."

"மூணு நாளா இதான், சார். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. கடைய மூடச் சொல்றீங்களா?"

கிருபாலன் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். வெளியே குழுத் தலைவர் டாக்டர் சற்குணம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "அருமை! இப்பத்தான் வெச்ச ரசம் மாதிரியே இருக்கு."

கிருபாலனுக்குப் பொறுக்கவில்லை. படித்த படிப்பு விடவில்லை. "இப்பத்தான் வெச்ச ரசமேதான், டாக்டர். மிஷின் கெட்டு மூணு நாளாச்சு."

விமலன் கிளாஸைத் தள்ளிவைத்தார். "சாதா ரசமா? சப்புன்னு இருந்தப்பவே நெனச்சேன்லா." நாலைந்து பேர் எழுந்து எதிர்க்கடையைப் பார்த்தார்கள். ஜெயமணி கையில் கரண்டியோடு கிருபாலனைப் பார்த்தார். கிருபாலன் தலை குனிந்துகொண்டார்.

டாக்டர் சற்குணம் மட்டும் பேனாவைத் திறந்தார். "அப்படின்னா மிஷின் இல்லாம, கரண்ட் இல்லாம, அதே தரம்?"

"ஆமா..." என்று இழுத்தார் கிருபாலன்.

"எவ்வளவு நேரத்துல?"

"பதினஞ்சு நிமிஷம்," என்றார் ஜெயமணி.

தலைவர் எழுதியதை உரக்கப் படித்தார். "இயந்திரத்தின் துணையும் தேவைப்படாத அளவுக்குத் தொழில்நுட்பம் பயனாளியிடம் முழுமையாகக் கைமாறிவிட்டது என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது."

முத்திரை விழுந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். விமலன் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கிருபாலனுக்கு வெட்கமாக இருந்தது, பசியும் இருந்தது. ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். முத்திரை விழுந்த பிறகு ருசியில் ஏதோ ஒன்று கூடியிருப்பதாக, விண்வெளி இயற்பியல் படித்த அவருக்கே தோன்றியது.