ஒன்பது அங்குலச் சுவர்

உயிரே போனாலும் மைத்துனன் வீட்டு விருந்துக்குப் போவதில்லை என்று வரைபடக்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் கழிப்பறை. அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவுகளெல்லாம் சமீப காலமாக அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

ஊரில் பாதி வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுத்தவர் அவர். அதில் ஒரு வீட்டிலும் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. காரணம் வயிறு. அது எப்போது கலக்கும், எப்போது இழுத்துப் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. “இது உயிரை வாங்காது. ஆனா கூடவே இருக்கும். கவலைப்பட்டா கூடும், அதனால கவலைப்படாதீங்க” என்றார் டாக்டர். அன்றிலிருந்து, கவலைப்படக் கூடாதே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

மைத்துனனின் பழைய வீட்டில் பட்டது அவருக்கு மறக்கவில்லை. கழிப்பறை, சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம். தாழ்ப்பாள் சரியாக விழாது. சுவரோ அட்டை மாதிரி. அவர் வெளியே வருவதற்குள் வீடே கழிப்பறை வாசலில் கூடி, “என்னாச்சு மாப்பிள்ளை? இன்னுமா?” என்று விசாரித்தது. அத்தோடு சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒரு கும்பிடு. திமிர் பிடித்தவர் என்று பேசினார்கள். பேசட்டும். திமிருக்காவது ஊரில் ஒரு மரியாதை உண்டு. வயிற்றுப்போக்குக்கு உண்டா?

மனைவிதான் ஒவ்வொரு விருந்துக்கும் தனியாகப் போய், ஒவ்வொரு பொய்யாகச் சொல்லிவிட்டு வந்தாள். இந்தத் தடவை மைத்துனன் புதுவீடு கட்டியிருந்தான். “மாமா இதுக்கும் வரலைன்னா, இனிமே கூப்பிடவே மாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டான். அதை அவள் ஒரே ஒரு முறை அவரிடம் சொன்னாள். பிறகு அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அதுதான் அவரை என்னவோ செய்தது.

ஆனாலும் பயம் பெரியது. விருந்தன்று காலையில் இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“மாடிப்படியில சுளுக்கிடுச்சு.”

“நம்ம வீட்டுக்கு மாடியே இல்லையே.”

“ஆபீஸ்ல.”

“நேத்து லீவுதானே?”

“வலியில கிடக்கிறவன்கிட்ட குறுக்கு விசாரணை வேற!”

“சரி, விடுங்க. நடக்கத்தானே முடியாது? உட்கார முடியுமில்ல?”

“அது… முடியும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சுளுக்கில் அனுபவம் போதவில்லை.

“அது போதும். தம்பி கார் எடுத்துக்கிட்டு வர்றான்.”

மைத்துனன் வந்தான். மாமாவை அலமாரி தூக்குகிற மாதிரி தூக்கிக் காரில் வைத்தான். புதுவீட்டில் இறக்கியதும், ஹாலில் ஒரு சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

முதல் கவளம் உள்ளே போனது. வயிறு தன் வேலையை ஆரம்பித்தது. நெற்றி வேர்த்தது. வரைபடக்காரர் பக்கத்திலிருந்த கதவைப் பார்த்தார்; கழிப்பறை. எட்டினால் தொடலாம். அடுத்த கணம் வில்லிலிருந்து விட்ட அம்பாக உள்ளே இருந்தார்.

தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது. ஹாலில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தும் உள்ளே சத்தமே இல்லை. அங்கே பேசுவது இங்கே கேட்காவிட்டால், இங்கே நடப்பதும் அங்கே கேட்காது! அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒன்பது அங்குலம்.

தட்டிய கை அப்படியே நின்றது. இது அவரே வரைந்து கொடுத்து, மறந்தும் போன சுவர். “இத்துனூண்டு ரூமுக்கு எதுக்கு மாப்ளே ஒன்பது அங்குலம்? நாலரை போதாதா? அதுவும் ஹால்லயா வைப்பாங்க?” என்று அவனோடு மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. “இருக்கட்டும் மாமா” என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். “உன் தம்பிக்கு மூளை இருக்கா?” என்று மனைவியிடம் கேட்டதற்கு, “எங்க குடும்பமே அப்படித்தாங்க” என்று சொல்லி அவள் காபி கொடுத்தாள்.

வெளியே வந்தார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரும் “என்னாச்சு” என்று கேட்கவில்லை. மைத்துனன் ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்தான்.

“இது காரமில்லாதது மாமா. உங்களுக்கு.”

“மாப்ளே… உங்க அக்கா என்ன சொன்னா?”

“வயித்துல தொந்தரவு, கூச்சப்படுறீங்கன்னு சொன்னா. இத்தனை நாளா எங்களைப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தோம்! ஒரு வரிசை செங்கல் கூட வச்சா நீங்க வருவீங்கன்னா, வைக்க மாட்டேனா?”

வரைபடக்காரர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நடுவில் இன்னொரு முறை எழுந்து போனார். அவசரப்படாமல், சொல்லிவிட்டே போனார். வந்து, இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீடு திரும்பியதும் மனைவியைப் பிடித்தார்.

“என் கையாலயே வரைய வச்சிருக்கே!”

“உங்களைவிட நல்லா வரையிறவங்க யாருங்க இருக்காங்க?”

இதற்கு மறுப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“அடுத்த ஞாயிறு என் தங்கச்சி வீடு. அதுக்கு அடுத்தது சித்தப்பா வீடு.”

“அங்கெல்லாம் எப்படி…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சமீபத்தில்தான் தங்கச்சி வராந்தாவை மறித்து ஒரு சின்னக் கழிப்பறை எடுத்திருந்தாள். சித்தப்பா வாசல் பக்கம் ஒன்று கட்டியிருந்தார். இரண்டிலும் ஒன்பது அங்குலச் சுவர். இரண்டையும் வரைந்தது யார்?

பழக்க தோஷத்தில் அவர் கை மெதுவாகக் காலைத் தேடிப் போனது.

“அடுத்த தடவை கட்டு போடுறதா இருந்தா கையில போட்டுக்கோங்க” என்றாள் மனைவி. “கால்ல கட்டோட நீங்க ஓடின ஓட்டத்தைப் பார்த்து, தம்பி பொண்டாட்டி சிரிப்பை அடக்க என்ன பாடு பட்டா தெரியுமா?”